மோனிட்டோ டெல் மோன்ட்டே: இதை ஒப்போசம் என்று எழுதலாமா?

மீனா_நூலகம்

வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் குழந்தைகள் அறைச் சுவரில் உலகத்துக் காட்டு உயிர்களை வரைந்துகொண்டிருக்கிறோம். வரைவது பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர், படத்துக்குக் கீழே எழுதுவது என் வேலை. தென்னமெரிக்கா பகுதிக்கு வரும்போது ஒரு பழைய படக் கலைக்களஞ்சியத்தில் "சிலி நாட்டு ஒப்போசம்" என்று ஒரு சின்னப் பிராணியைப் பார்த்தோம். எலி அளவுதான், கண்ணைச் சுற்றி மை தீட்டியது போல் கறுப்பு வளையம், உருண்டைக் காது. ஸ்பானிய மொழியில் மோனிட்டோ டெல் மோன்ட்டே என்று பெயர், காட்டின் குட்டிக் குரங்கு என்று பொருளாம். தம்பி ஒப்போசம் என்ற சொல்லை வைத்து இணையத்தில் தேடி, வெள்ளை முகமும் மொட்டை வாலுமாக, முதுகில் ஏழெட்டுக் குட்டிகளோடு ஒன்றை வரைந்துவிட்டார். கையில் ஒரு சிவப்புப் பழத்தையும் கொடுத்திருக்கிறார். எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. இதற்குத் தமிழில் என்ன பெயர் போடுவது, ஒப்போசம் என்றே எழுதலாமா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரிசல்_முத்து

எழுதலாம் அக்கா. அமெரிக்காவில் இருக்கும் பை வைத்த சின்னப் பிராணிக்கெல்லாம் ஒப்போசம் என்றுதானே பெயர். எட்டு வயதுப் பிள்ளைக்கு அதற்கு மேல் குழப்ப வேண்டாம்.

தொல்லெலும்பு

முத்து அண்ணன் சொல்வதை ஏற்க முடியவில்லை, கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு பிராணி விஷயத்தில் பெயர்தான் கதையே.

1894இல் லண்டன் அருங்காட்சியகத்தில் இருந்த ஓல்ட்ஃபீல்ட் தாமஸ் இதற்கு டிரோமிசியாப்ஸ் கிளிராய்டஸ் என்று பெயர் வைத்தார். சிலியின் சிலோயே தீவில் பிடிபட்ட ஒன்றை வைத்துத்தான் விவரித்தார். அமெரிக்காவில் கிடைத்த பைப்பாலூட்டி (குட்டியைப் பையில் வளர்க்கும் பாலூட்டி) என்பதால் அமெரிக்க ஒப்போசம் குடும்பத்திலேயே சேர்த்துவிட்டார். ஆனால் அவர் கொடுத்த பெயரைப் பாருங்கள். டிரோமிசியா என்பது அன்றைக்கு ஆஸ்திரேலியாவின் குள்ளப் போசம்களுக்கு (அமெரிக்க ஒப்போசம் வேறு, இது வேறு) வழங்கிய பெயர். டிரோமிசியாப்ஸ் என்றால் "டிரோமிசியா முகம் கொண்டது". பார்த்ததும் அவர் கண்ணுக்கு ஆஸ்திரேலியச் சாடை தெரிந்திருக்கிறது, ஆனாலும் கண்டம் வேறு என்பதால் அமெரிக்கக் குடும்பத்தில் வைத்தார். கண் சொன்னதுதான் சரி என்று தெரிய 90 ஆண்டுக்கு அருகில் ஆனது.

1982இல் ஃபிரெடெரிக் சலாய் என்பவர் பைப்பாலூட்டிகளின் கணுக்கால் எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒப்பிட்டார். கணுக்காலில் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் இரண்டு எலும்புகள் உண்டு, குதிகால் எலும்பும் அதன் மேல் எலும்பும். அமெரிக்க ஒப்போசம்களுக்கு அவை உரசும் பரப்பு இரண்டு துண்டாகப் பிரிந்திருக்கும். கங்காரு, கோவாலா வகையறாவுக்கு ஒரே தொடர்ச்சியான பரப்பு. சிலியில் இருக்கும் இந்தக் குட்டிக்கு எப்படி இருந்தது என்றால், ஆஸ்திரேலிய வகை போல. கையில் வைத்தால் உளுந்து அளவு கூட இருக்காத எலும்பு, அதை வைத்துக்கொண்டு ஆஸ்திரேலியக் கூட்டத்தையும் இதையும் ஒரே பெருங்கூட்டமாக்கி ஆஸ்திராலிடெல்ஃபியா என்று பெயர் வைத்தார். அப்போது எதிர்ப்பு நிறைய இருந்தது. 2010இல் மரியா நில்சன் குழு மரபணுவில் ஒட்டிக்கொண்டு பரம்பரையாக வரும் தாவும் துணுக்குகளை வைத்துப் பார்த்தபோது, இது அமெரிக்க ஒப்போசம்களோடு சேரவில்லை, ஆஸ்திரேலியக் கூட்டத்துக்குப் பக்கத்துக் கிளையாக நின்றது.

ஆக, நீங்கள் "ஒப்போசம்" என்று எழுதினால் தவறான குடும்ப அட்டையில் பெயர் சேர்ப்பது போல ஆகிவிடும். இதற்கென்றே தனி வரிசை இருக்கிறது, மைக்ரோபயோதீரியா. அந்த வரிசையில் இன்று உயிரோடு இருப்பது இந்த ஒரு பேரினம் மட்டும். மற்றதெல்லாம் கல்லில்தான்.

கரிசல்_முத்து

கணுக்கால் எலும்பு விஷயம் எனக்குப் புதிது. சரி, என் பதிலை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இன்னொரு கேள்வி, அப்படியானால் இது ஆஸ்திரேலியாவிலிருந்து கடல் தாண்டி வந்ததா?

தொல்லெலும்பு

எதிர்த்திசை என்று நினைப்பதுதான் இன்றைய சான்றுகளுக்குப் பொருந்துகிறது. பொலிவியாவில் தியுபம்பா என்ற இடத்தில் காசியா என்று ஒரு தொல்லுயிரின் பல் கிடைத்திருக்கிறது, 6 கோடி ஆண்டுக்கும் மேல் பழையது. அதை இதே வரிசையில் வைக்கிறார்கள். தென்னமெரிக்காவின் தென்பகுதியான படகோனியாவில் கிடைத்தவற்றை 1887லேயே அர்ஜென்டினாவின் ஃப்ளோரென்டினோ அமெகினோ மைக்ரோபயோதீரியம் என்று விவரித்துவிட்டார், உயிரோடு இருக்கும் உறவுக்குத் தாமஸ் பெயர் வைப்பதற்கு ஏழு ஆண்டு முன்னால்.

நடுவில் இருக்கும் கண்ணி அண்டார்டிகா. இன்றைக்குப் பனிக்கட்டி, அன்றைக்குக் காடு. தென்னமெரிக்காவும் அண்டார்டிகாவும் ஆஸ்திரேலியாவும் ஒட்டிக்கொண்டிருந்த காலம் அது. அண்டார்டிகத் தீபகற்பத்தின் ஓரத்தில் சீமோர் தீவு இருக்கிறது, அர்ஜென்டினர்கள் மராம்பியோ என்பார்கள். அங்கே 1982இல் மைக்கேல் உட்பர்ன், வில்லியம் சின்ஸ்மைஸ்டர் இருவரும் அண்டார்டிகாவின் முதல் நிலப் பாலூட்டித் தொல்லெச்சத்தை அறிவித்தார்கள், அதுவும் ஒரு பைப்பாலூட்டி. சலாய் கணுக்காலை எழுதிய அதே ஆண்டு என்பதைக் கவனியுங்கள். பிறகு அதே தீவில் நம் பிராணியின் வரிசையைச் சேர்ந்த பற்களும் கிடைத்தன, அதில் ஒன்றுக்கு உட்பர்னின் பெயரையே வைத்தார்கள், உட்பர்னோடான். ஆக, வழி தெரிகிறது. தென்னமெரிக்காவிலிருந்து அண்டார்டிகக் காடு வழியாகப் பைப்பாலூட்டிகள் ஆஸ்திரேலியா போயின. அங்கே போனவை கங்காருவாகவும் வாம்பேட்டாகவும் பெருகின. இந்தப் பக்கம் தங்கிய உறவுக் கூட்டத்தில் மிச்சம் இதுதான்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், "வாழும் தொல்லெச்சம்" என்று சுவரில் எழுதிவிடாதீர்கள். பிள்ளைகள் இது கோடி வருடமாக மாறாமல் அப்படியே இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். உறவினர்கள் அழிந்துபோனதால் தனித்துவிட்டது, அவ்வளவுதான். இன்றைய குளிருக்கும் மழைக்கும் இது தன்னை நன்றாகவே பழக்கிக்கொண்டிருக்கிறது.

தென்குமரி_ராஜா

நல்ல இழை. எனக்கு ஒரு நீண்ட நாள் ஐயம். நம் நிலமும் அந்தத் தென்கண்டத்தோடு ஒட்டித்தானே இருந்தது, பாறை ஒப்பிட்டெல்லாம் காட்டுகிறார்களே. அப்படியானால் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏன் ஒரு பைப்பாலூட்டி கூட இல்லை? நம் பக்கம் குமரிக்கண்டம், லெமூரியா என்று பேசும்போது இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்வதில்லை.

தொல்லெலும்பு

நேரம் ஒத்துவரவில்லை என்பதுதான் பதில். இந்தியத் துண்டு அண்டார்டிகாவிலிருந்து பிரியத் தொடங்கியது ஏறத்தாழ 13 கோடி ஆண்டு முன்னால். பைப்பாலூட்டிகளின் முன்னோர் வடக்கிலிருந்து தென்னமெரிக்காவுக்கு வந்து சேர்ந்ததே அதற்குப் பல கோடி ஆண்டு பிறகு, டைனோசர் காலத்தின் முடிவை ஒட்டி. அவை அண்டார்டிகக் காட்டுக்குள் நுழைந்தபோது நம் நிலம் பெருங்கடல் நடுவே வடக்கு நோக்கி வெகுதூரம் வந்துவிட்டது. வண்டி போன பிறகு நிலையத்துக்கு வந்தது போல.

லெமூரியா என்ற சொல் 1864இல் ஃபிலிப் ஸ்கிளேட்டர் போட்டது. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் உள்ள லெமூர் வகை விலங்குகளை விளக்க ஒரு மூழ்கிய கண்டம் வேண்டும் என்று நினைத்தார். கண்டங்களே நகரும் என்று அப்போது தெரியாது. நகர்வு தெரிந்த பிறகு மூழ்கிய நிலம் தேவைப்படவில்லை. எனக்கு இந்த நகர்ந்த கண்டத்தின் கதை அதைவிடப் பெரிய வியப்பாகவே இருக்கிறது.

மழைக்காடு_சங்கர்

இழையை இன்றுதான் பார்த்தேன். நான் சிலியின் வால்டிவியா நகரத்தில் நான்கு வருடமாக இருக்கிறேன், மரத்துறை சார்ந்த வேலை. இந்தப் பிராணியைக் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் இடம். இங்கே ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்யும், ஆனால் நம் ஊர் மழை போல் அடித்துவிட்டுப் போகாது, குளிரோடு வாரக்கணக்கில் பொழிந்துகொண்டே இருக்கும். காட்டுக்குள் எல்லா மரத்துக்கும் பாசிச் சட்டை. கீழே கில்லா என்று ஒரு மூங்கில், நம் மூங்கில் போல் உள்ளே குழலாக இராது, கெட்டித் தண்டு, நெருக்கமாகப் பின்னிக்கொண்டு மனிதன் நுழைய முடியாதபடி வளரும். இந்தப் பிராணிக்கு அந்த மூங்கில் புதர்தான் சாலை. கீழே இறங்காமலே ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடும். சிலியில் மௌலே பகுதியிலிருந்து சிலோயே தீவு வரை, மலை தாண்டி அர்ஜென்டினாவில் ஏரிகள் உள்ள காட்டு ஓரம், அவ்வளவுதான் உலகத்திலேயே இதன் ஊர்.

கூட்டை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தேன், உடைந்து விழுந்த காலிக் கூடு. ஒரு சின்னத் தேங்காய் அளவு உருண்டை. வெளிப்பக்கம் முழுக்க மூங்கில் இலைகள், ஒன்றன்மேல் ஒன்று சுற்றி, கூரைக்குக் கீற்று வேய்வது போல நீர் வழியும்படி. அந்த இலைக்குத் தண்ணீர் ஒட்டாது. உள்ளே பாசி. விரலை விட்டால் வெளியே சொட்டச் சொட்ட நனைந்திருந்த கூடு உள்ளே காய்ந்து மெத்தென்று இருந்தது. இலைகளை வாயால் கடித்து, வாலில் சுருட்டி எடுத்துக்கொண்டு போகும் என்று இங்கே சொல்கிறார்கள்.

ஆகஸ்ட் மாதம், இங்கே கடுங்குளிர். ஆய்வு செய்யும் நண்பர் ஒருவரோடு மரத்தில் கட்டிவைத்த கூட்டுப் பெட்டிகளைப் பார்க்கப் போனேன். ஒரு பெட்டியைத் திறந்தால் உள்ளே மூன்று, ஒன்றுக்குள் ஒன்று சுருண்டு, எது யாருடைய வால் என்று பிரிக்க முடியாமல். நண்பர் உறை போட்ட கையில் ஒன்றை எடுத்தார். ஒரு கோழிமுட்டை கூட இதைவிடக் கனம். தொட்டுப் பார்த்தேன், ஆற்றங்கரைக் கூழாங்கல் போலச் சில்லென்று இருந்தது. உயிர் இருக்கிறதா என்றே சந்தேகம். பார்த்துக்கொண்டே நின்றோம், நெடுநேரம் கழித்து விலா ஒரே ஒருமுறை ஏறி இறங்கியது. விழித்திருக்கும்போது நிமிடத்துக்கு 200க்கு மேல் அடிக்கும் இதயம் இந்தத் துயிலில் 30க்கும் கீழே போய்விடும். வால் அடிப்பக்கம் கட்டைவிரல் போல் தடித்திருந்தது, அதுதான் குளிர்காலத்துக்கான சேமிப்பு, கொழுப்பு. நம் வீட்டில் குதிரில் நெல் வைப்பது போல இது வாலில் வைக்கிறது. எழுப்பினால் அந்தச் சேமிப்பு வீணாகச் செலவாகும் என்று உடனே உள்ளே வைத்து மூடிவிட்டோம். பேசக்கூட இல்லை.

நிலா_அம்மா

சங்கர் தம்பி, அந்த மூன்றும் ஒரே குடும்பமா? குட்டிகள் எத்தனை போடும்? என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கச் சொல்கிறாள்.

மழைக்காடு_சங்கர்

ஒரே குடும்பமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை அக்கா, குளிருக்கு உறவில்லாதவையும் ஒட்டிப் படுக்கும். குட்டி வசந்தத்தில், இங்கே அக்டோபர் நவம்பர் வாக்கில். ஒன்றிலிருந்து ஐந்து வரை பிறக்கும், ஆனால் தாய்ப்பையில் நான்கு காம்புதான், அதனால் நான்குக்கு மேல் பிழைக்காது. பையை விட்டு வெளியே வந்த பிறகு கொஞ்சநாள் கூட்டில், அப்புறம் அம்மா முதுகில் ஏறி இரவு முழுக்கச் சுற்றும். மகளிடம் சொல்லுங்கள், நான் பார்த்ததில் மிக அழகான காட்சி அது என்று ஒரு புகைப்படத்தைக் காட்டி என் நண்பர் சொன்னார். நேரில் எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. மீனா அக்கா, உங்கள் தம்பி ஏழெட்டுக் குட்டி வரைந்தது இதற்குப் பொருந்தாது.

கிருஷ்ணகிரி_தோப்பு

சங்கர், இவை என்ன சாப்பிடும்? பழம் என்றால் எந்தப் பழம்?

மழைக்காடு_சங்கர்

பூச்சி, புழு, பழம் எல்லாம். கோடையில் பழம் அதிகம். அதில் முக்கியமானது கின்ட்ரால் என்று இங்கே சொல்லும் புல்லுருவியின் பழம்.

கிருஷ்ணகிரி_தோப்பு

புல்லுருவியா! என் தோப்பில் நாற்பது வயது மாமரங்கள் இருக்கின்றன. வருடாவருடம் புல்லுருவி பிடித்த கிளைகளை அறுத்துத் தள்ளுவதற்கே ஆள் கூலி போகிறது. மரத்தின் சாற்றை உறிஞ்சிக் கிளையின் நுனியைக் காயவைத்துவிடும். பூக்கொத்தி என்ற சின்னக் குருவி பழத்தைத் தின்று கிளைமேல் எச்சமிட்டுத் தேய்த்துவிட்டுப் போகும், அந்த இடத்தில் முளைக்கும். அப்படி ஒட்டுண்ணியைப் பரப்பும் ஒரு பிராணியைப் போய்க் காட்டுக்கு நல்லது என்று குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டுமா? கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

மழைக்காடு_சங்கர்

அண்ணே, நீங்கள் கேட்டதுதான் இந்தப் பிராணியின் கதையில் எனக்குப் பிடித்த பகுதி. தோப்பு வேறு, காடு வேறு. தோப்பில் நமக்கு வேண்டியது மாங்காய் ஒன்றுதான், அதனால் உங்கள் கணக்கு உங்களுக்குச் சரி. காட்டின் கணக்கைச் சொல்கிறேன்.

2000ஆம் ஆண்டில் கில்லெர்மோ ஆமிக்கோ, மார்செலோ ஐசன் என்ற இரண்டு அர்ஜென்டின ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். அவர்கள் பார்த்த இடம் பரிலோச்சே நகரத்துக்குப் பக்கத்தில் லியாவோ லியாவோ காடு. அதுவரை உலகத்தில் புல்லுருவி என்றால் பறவைதான் விதை பரப்பும் என்பது பாடம், நம் பூக்கொத்தி போல. இங்கே பறவை யாரும் தொடவில்லை. இரவில் இந்தக் குட்டி வந்து பழத்தை முழுதாக விழுங்குகிறது, சதை செரித்து, விதை கெடாமல் எச்சத்தில் கிளைமேல் விழுகிறது. எச்சத்தில் வந்த விதைகள் ஏறக்குறைய எல்லாமே முளைத்தன. பழத்தோடு விட்டுவைத்தவை முளைக்கவில்லை. அந்தக் காட்டில் அந்தப் புல்லுருவிக்கு இதன் குடலைத் தவிர வேறு வழி இல்லை.

போன பிப்ரவரியில் விடுமுறைக்கு மலை தாண்டி அங்கே போனேன். மாக்கி என்று ஒரு குட்டை மரம், அதன் கிளையில் விதைகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. பசைநூலில் கோத்த மணிமாலை போல, ஒன்றுக்கொன்று பிசின் இழையால் தொடுத்து, பாதி கிளையைச் சுற்றி, பாதி காற்றில் தொங்கிக்கொண்டு. இரண்டு விதைகளில் பச்சையாக ஒரு முளை வெளியே வந்து, வளைந்து, பட்டையைத் தேடிக் குனிந்திருந்தது. ஒன்றின் நுனி பட்டையில் பட்டுத் தட்டையாக, சப்பாத்து போலப் பதிந்துவிட்டது. பழமும் பார்த்தேன். பழுத்த பிறகும் பச்சைதான். பறவைக்காக என்றால் சிவப்போ மஞ்சளோ ஆகிக் கண்ணைக் கூப்பிடும். இரவில் வருகிறவருக்கு நிறம் எதற்கு? இதே புல்லுருவி வடக்கே, வறண்ட நடுச்சிலியில் வளரும் இடங்களில் இந்தப் பிராணி கிடையாது, அங்கே தென்கா என்ற பறவைதான் பரப்புகிறது, அங்கே பழம் மஞ்சளாகப் பழுக்கிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்தப் புல்லுருவி குளிர்காலத்தில் பூக்கும். சிவப்புக் குழல் பூ. காட்டில் வேறு எதுவும் பூக்காத மாதங்களில் இது மட்டும் பூத்திருக்கும். அதை நம்பித்தான் இங்கே இருக்கும் ஒரு பச்சை முதுகு ரீங்காரச்சிட்டு குளிர்காலத்தைத் தாண்டுகிறது. அந்தச் சிட்டு கோடையில் இந்தக் காட்டுக்கே உரிய மரம் செடிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு மகரந்தம் சேர்க்கிறது. ஆக இரவில் இந்தக் குட்டி ஒரு பழத்தை விழுங்கினால், ஒரு புல்லுருவி, அதில் குளிர்காலத் தேன், அதில் ஒரு சிட்டு, அதில் காட்டின் அடுத்த கோடைக் காய். இதில் எந்த இடத்தில் வெட்டினாலும் மற்றது தொய்ந்துபோகும்.

கிருஷ்ணகிரி_தோப்பு

மூன்று தடவை படித்தேன். என் மரத்தில் புல்லுருவி பூத்திருக்கும்போது தேன்சிட்டுகள் காலையில் மொய்ப்பதை நானே பார்த்திருக்கிறேன், ஆனால் இரண்டையும் சேர்த்து நினைத்ததில்லை. தோப்பில் அறுப்பதை நிறுத்த மாட்டேன், அது என் பிழைப்பு. வேலிக்கு அந்தப் பக்கம் வேம்பில் இருப்பதையும் ஆள் வந்தபோது சேர்த்து அறுக்கச் சொல்வேன், அதை இனி விட்டுவிடுகிறேன். இன்னொன்று கேட்கணும், இந்தப் பிராணி இல்லாமல் போன காடு எங்கேயாவது இருக்கிறதா? அங்கே என்ன ஆயிற்று?

மழைக்காடு_சங்கர்

இருக்கிறது. பரிலோச்சே பக்கமே காட்டைத் துண்டு துண்டாக்கி வீடுகள் வந்த இடங்களில் 2007இல் ஓர் ஆய்வு நடந்தது. சின்னத் துண்டுகளில் இந்தப் பிராணி இல்லை. புல்லுருவி இருந்தது, பழுத்தது, பழம் செடியிலேயே நின்று வீணானது, புதிய விதை கிளைக்குப் போகவில்லை. ஏற்கெனவே இருக்கும் செடிகள் வாழ்ந்து முடியும் வரை காடு பார்ப்பதற்குப் பழையபடியே இருக்கும், அதுதான் எனக்கு மனதைப் பிசைகிறது.

சிலிப் பக்கம் பெரிய சிக்கல் தோட்டமரம். 1974இல் வந்த ஒரு சட்டம் மரம் நடுவதற்கு மானியம் கொடுத்தது, பல இடங்களில் இயற்கைக் காடு இருந்த நிலத்தில் ரேடியாட்டா பைன், யூகலிப்டஸ் வரிசையாக நின்றுவிட்டது. நீலகிரியில் வாட்டில் மரக் காட்டுக்குள் நடந்தவர்களுக்கு அந்த அமைதி தெரியும். நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு, வால்டிவியக் கடலோரக் காப்புக்காட்டில் கைவிடப்பட்ட யூகலிப்டஸ் தோட்டங்களில் கீழே நாட்டுச்செடிகளும் மூங்கிலும் திரும்ப முளைத்த இடங்களில் இவை திரும்பவும் நடமாடுகின்றன. மரம் எது என்பதைவிட, கீழே புதர் பின்னிக் கிடக்கிறதா என்பதுதான் இதற்குக் கணக்கு. தரையில் இறங்க வேண்டி வந்தால் வீட்டுப் பூனையும் நாயும் பிடித்துவிடும். காட்டிலேயே ஆந்தையும் குய்ன்யா என்ற சின்னக் காட்டுப்பூனையும் இதைப் பிடிக்கும், ஆனால் அது காலங்காலமாக இருப்பது.

அய்யலூர்_கவிதா

உள்ளூர் மக்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள் சங்கர் அண்ணா?

மழைக்காடு_சங்கர்

இங்குள்ள பழங்குடிகளான மப்பூச்சே மக்கள் கொங்கோய் கொங்கோய் என்ற பெயரையும் சொல்கிறார்கள். வேதனையான விஷயம், ஏரிப் பகுதிக் கிராமங்களில் இது வீட்டுக்குள் தென்பட்டால் கேடு வரும் என்று ஒரு நம்பிக்கை இருந்திருக்கிறது. வீட்டையே கொளுத்தியவர்கள் உண்டு என்று கூடப் பழைய பதிவுகளில் சொல்கிறார்கள். கடித்தால் விஷம் என்றும் பேச்சு. விஷம் எதுவும் கிடையாது. கொலோகொலோ என்று மப்பூச்சே கதைகளில் வீட்டு மூலையில் ஒளிந்து மனிதர்களின் எச்சிலை உறிஞ்சி நோயாக்கும் ஒரு ஜந்து உண்டு, அந்தப் பெயரும் இந்தப் பிராணிக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

அய்யலூர்_கவிதா

படித்ததும் எனக்கு எங்கள் தேவாங்குதான் நினைவு வந்தது. அதுவும் இரவில் நடமாடும், பெரிய கண், யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாது. சின்ன வயதில் காலையில் தேவாங்கு கண்ணில் பட்டால் ஆகாது என்று என் பாட்டி முகத்தைத் திருப்பச் சொல்வார். பிடித்து மாந்திரீகத்துக்கு விற்றவர்களும் இருந்தார்கள். 2022இல் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களைச் சேர்த்துக் கடவூரில் தேவாங்கு சரணாலயம் அறிவித்த பிறகு எங்கள் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் அதைப் பார்த்தால் பெருமையாகச் சொல்லுகிறார்கள். பாட்டி இருந்திருந்தால் காட்டியிருப்பேன். மீனா அக்கா, நீங்கள் சுவரில் வரைவது சின்ன வேலை இல்லை.

கரிசல்_முத்து

ஒரே ஓர் இனம்தானா? ஓர் இடத்தில் மூன்று இனம் என்று படித்தேன்.

தொல்லெலும்பு

நூறாண்டுக்கு மேல் ஒன்று என்றுதான் இருந்தது. 2016இல் கில்லெர்மோ தெலியா குழு மண்டையோடு, மரபணு பார்த்து மூன்றாகப் பிரித்தது. புதிய இரண்டில் ஒன்றுக்குச் சிலியின் உடலியக்க ஆய்வாளர் ஃபிரான்சிஸ்கோ போசினோவிச்சின் பெயர், டிரோமிசியாப்ஸ் போசினோவிச்சி. இதன் துயிலைப் பற்றி நிறைய உழைத்தவர் அவர், 2023இல் காலமானார். பிறகு வந்த மரபணு ஆய்வுகள் வடக்கே போசினோவிச்சி, தெற்கே கிளிராய்டஸ் என்று இரண்டை ஆதரிக்கின்றன, மூன்றாவதைத் தனியாக நிறுத்தச் சான்று போதவில்லை என்கின்றன. உங்கள் சுவருக்குச் சங்கர் சொன்ன கதைகள் தெற்குக் காட்டுடையவை, கிளிராய்டஸ் என்றே வைத்துக்கொள்ளலாம்.

பெயருக்கு என் யோசனை: குரங்கு என்று மொழிபெயர்க்க வேண்டாம், எலி என்றும் வேண்டாம். கங்காருவை நாம் மொழிபெயர்க்கவில்லை. மோனிட்டோ என்றே எழுதுங்கள்.

மீனா_நூலகம்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் இழையை அச்செடுத்து நூலகத்தில் வைத்திருந்தேன், தம்பி வந்து முழுக்க வாசித்தார். வெள்ளை முகத்தின் மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்திருக்கிறார். இந்த முறை கண்ணைச் சுற்றி வளையம், உருண்டைக் காது, மயிர் மூடிய வால், வாலின் அடிப்பக்கம் தடிப்பாக. முதுகில் குட்டி மூன்று மட்டும். பின்னால் மூங்கில் புதர். கீழே "மோனிட்டோ, சிலி, அர்ஜென்டினா, கங்காருவுக்கு ஒன்றுவிட்ட உறவு" என்று எழுதப் போகிறேன். தொல்லெலும்பு அண்ணா, ஒன்றுவிட்ட உறவு என்பது அறிவியலுக்குச் சரிதானே?

தொல்லெலும்பு

ஐந்தாறு கோடி ஆண்டு விட்ட உறவு, ஆனால் உறவுதான். எழுதுங்கள்.

கிருஷ்ணகிரி_தோப்பு

பழம்?

மீனா_நூலகம்

சிவப்பை அழித்தாயிற்று அண்ணே. பச்சை கலக்கிக்கொண்டிருக்கிறார். பழுத்த பழம் ஏன் பச்சையாக இருக்கிறது என்று இப்போதே இரண்டு பிள்ளைகள் கேட்டுவிட்டார்கள்.